குசினிக் கதைகளுக்கு ஒரு வாசகன்

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுசி புளொக் எழுதத் தொடங்கினால் ஊர் என்ன சொல்லுமோ, அதையெல்லாம் மன்னாரின் பேசாலை ஒரு குறையும் வைக்காமல் சொல்லி முடித்தது. பெற்றிசியாவுக்கு வேலை வெட்டி இல்லை என்றார்கள். முன்பு வாய்தான் ஓயாது, இப்போது கையும் ஓயாது என்றார்கள். கடற்கரையில் மீன் விற்கிற ஒருத்தி, "அன்ரி, என்னைப் பற்றி ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ" என்று நெளிந்து நெளிந்து சொன்னாள். எழுதுங்கோ என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்று பெற்றிசியாவுக்கா விளங்காது? எழுதினாள். நிறுக்கும்போது தராசுத் தட்டில் மீனோடு விரலையும் சேர்த்து வைக்கிற அவளுடைய கெட்டித்தனத்தை எழுதினாள். வாசித்தவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். மீன்காரி ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை.

தொடக்கிவைத்தவள் மகள் மதுஷிகா. அவளுக்கு மன்னார் ரவுனில் ஒரு போன் கடையில் வேலை. முழங்கால் நோ வந்து, கருவாடு காயப்போடப் போகமுடியாமல் தாய் வீட்டோடு இருந்த நாட்களில், வேலிக்கு வெளியே நின்ற கழுதைகளோடு அவள் வாயாடிக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, உந்தக் கதையளைக் கழுதைக்குச் சொல்லாம உலகத்துக்குச் சொல்லுங்கோவன்."

"உலகம் கழுதையை மாதிரிப் பொறுமையா நிண்டு கேக்குமோ?"

கேட்டது. மதுஷிகா போனில் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து கொடுத்தாள். நாம் பேசப் பேச போன் எழுதிக்கொள்ளும். முதல் நாட்களில் அதற்கு மன்னார்த் தமிழ் பிடிபடவில்லை. பெற்றிசியா அதை ஏசினாள். ஏச்சையும் அது அப்படியே எழுதிவைத்தது. சமையலறையில் இருந்து பேசுவதால் வலைப்பூவுக்குக் 'குசினிக் கதைகள்' என்று பெயர் வைத்தார்கள்.

இதனால் என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. கிடைத்தது நிறைய. நோர்வேயில் இருந்த ஒரு தாதி, ஒட்டி மீன் சொதியைப் பற்றி வாசித்துவிட்டு, வேலை முடிந்து வந்த களைப்போடு சமைத்துப் படமும் எடுத்து அனுப்பினாள். உயிலங்குளத்தில் வயல் செய்கிற கனகசிங்கம் என்ற ஒருவர் ஒவ்வொரு கதைக்கும் கீழே "நல்லம்" என்று ஒரே ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல் வராத நாளில் பெற்றிசியாவுக்குச் சோறு இறங்காது. காலையில் கண் விழிக்கும்போதே இன்றைக்கு எதைச் சொல்லலாம் என்று மனம் தேடத் தொடங்கியது. அப்படியொரு காலை அவளுக்கு விடிந்து பத்து வருசத்துக்கு மேலாகியிருந்தது.

அதற்குக் காரணம் மகன் றொசாந்தன். சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போன குடும்பம் அவர்களுடையது. மண்டபம் அகதி முகாமில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, முகாமிலேயே பிறந்து வளர்ந்த றொசாந்தன் மட்டும் கூட வரவில்லை. படிப்பை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னான். அடுத்த வருசம் ஒருநாள் போன் எடுத்து, "அம்மா, அவுஸ்திரேலியாவுக்கு ஒரு வள்ளம் போகுது. போய்ச் சேந்திட்டு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவே இல்லை. வள்ளம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லவும் ஆளில்லை, மூழ்கியது என்று சொல்லவும் ஆளில்லை.

கார்த்திகை பிறக்க முன்னம், சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த மரித்தவர்களின் பெயர்களைக் கோயிலில் பூசையின்போது வாசிப்பார்கள். வருசா வருசம் அந்த நாள் நெருங்கும்போது அவளுடைய புருசன் பேதுரு தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நிற்பார்.

"இந்த முறை பெடியன்ர பேரையும் குடுப்பம். அவன்ர ஆத்துமம் இளைப்பாறட்டும்."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசையோ? உங்களுக்கென்ன விசரோ?"

அதோடு விடமாட்டாள். அதே கிழமை பங்குச் சுவாமியிடம் போய், மகனுடைய உடல் சுகத்துக்காக என்று ஒரு பூசை கேட்டு ஒப்புக்கொடுத்துவிட்டு வருவாள். சுவாமியும் மறுபேச்சுப் பேசமாட்டார். அவருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம்தான். பேதுரு கல்நெஞ்சுக்காரர் இல்லை. கடல் எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்று அறிந்த மனுசன், அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவள் முகாமின் தண்ணீர் வரிசையைப் பற்றி எழுதினாள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் குடம் களவு போகும். அதனால் குடும்பத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். அங்கே கல்லுத்தான் ஆள். ஒருவர் கல்லை இன்னொருவர் நகர்த்திவிட்டால் அன்றைக்கு அடிதடிதான். சிரிப்பதற்காகத்தான் எழுதினாள். அன்று பின்னேரம் 'மண்டபத்தான்' என்ற பெயரில் ஒரு பதில் வந்து கிடந்தது.

"உங்க கல்லு உடைஞ்ச அம்மித் துண்டுதானே அம்மா? ஒரு பக்கம் பச்சைப் பெயின்ற் பூசினது."

பெற்றிசியா தன் கதையைத் திரும்ப வாசித்தாள். கல் என்றுதான் எழுதியிருந்தாள். அம்மித் துண்டு என்று எழுதவில்லை. பச்சைப் பெயின்ற் என்று எழுதவேயில்லை. அந்தப் பெயின்ற்றைப் பள்ளிக்கூடத்துக் கதவுக்கு அடித்து மிச்சம் வந்ததென்று கொண்டுவந்து பூசியவன் றொசாந்தன்.

"இஞ்சாருங்கோ! பிள்ளை! என்ர பிள்ளை எழுதியிருக்கிறான்!"

கிணற்றடியில் நின்ற பேதுரு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இஞ்சேர், அந்த வரிசையில நிண்ட எல்லாருக்கும் எல்லாற்ர கல்லும் தெரியும். உனக்கு மற்ற ஆக்களின்ர கல்லுத் தெரியாதோ?"

தெரியும். யாருடையது முருகைக் கல், யாருடையது செங்கல், யாருடையது தார் ஒட்டிய சல்லி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். அந்த முகாமில் இருந்தவர்களுக்கு முகம் மறந்தாலும் கல் மறக்காது. ஆனால் அந்த நேரத்தில் அந்த நியாயம் யாருக்கு வேண்டும்?

"நீங்கள் வாயை மூடுங்கோ" என்றாள்.

நீதானா என்று அவள் நேரே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு அவளிடம் காரணம் இருந்தது. பிள்ளை எந்த நாட்டில் விசா இல்லாமல் ஒளிந்திருக்கிறானோ? உலகமே பார்க்கிற இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பொலிஸ்காரன் கண்டுவிட மாட்டானா? அவன் பெயரை மறைக்கிறான் என்றால் புத்தியோடுதான் மறைக்கிறான். தாயின் புத்தி.

அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு. முகாமில் நத்தார் குடிலில் இருந்த ஆட்டுக்குட்டிப் பொம்மையைக் களவெடுத்தது ஆர் என்று கேட்டு எழுதினாள். "நாங்கதான் அம்மா" என்று பதில் வந்தது. நண்டுக்கறிக்கு இப்பவும் உறைப்புக் கூட வேணுமோ என்று எழுதினாள். "உங்க கைப்பக்குவம் இங்க ஆருக்கும் வராதம்மா" என்று வந்தது. சில கேள்விகளுக்குப் பதிலே வராது. அதையும் அவனுடைய கவனத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். எழுத்தில் ஒரு துள்ளல் வந்தது. வாசிக்கிறவர்கள் கூடினார்கள். முழங்கால் நோ எங்கே போனது என்று தெரியவில்லை. மதுஷிகாவை அனுப்பி ஒரு நீலச் சேர்ட் வாங்குவித்து அலுமாரியில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த அளவுதான் அது, இருபது வயதுப் பெடியனின் அளவு. அவனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும் என்பதை மதுஷிகா சொல்ல நினைத்து, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. பேதுரு வந்து தொண்டையைச் செருமினார். இந்த முறை பெற்றிசியா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. போனை எடுத்து எழுதினாள்.

"இந்த வருசமும் என்ர பிள்ளையின்ர பேரைக் குடுக்கமாட்டன். அவன் இருக்கிறான். இந்தக் குசினிக் கதையளை வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறான். பயந்தது காணும், ராசா. ஒருக்கா முகத்தைக் காட்டு."

நோர்வேத் தாதி அழுதுகொண்டு எழுதினாள். கனகசிங்கம் "நல்லம்" என்றார். மண்டபத்தானிடமிருந்து சில நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவளுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி வந்தது: "அம்மா, உங்க போன் நம்பர் தாங்க. நான் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மடு மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையை மாற்றாமல் கதிரையில் உட்கார்ந்தாள். பேதுருவை முகம் வழிக்கச் சொன்னாள். நம்பாத மனுசன் போய் வழித்துக்கொண்டு வந்தார். நாடியில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.

போனில் முகம் தெரிந்தது. நெற்றி ஏறிய, புருவத்தில் தழும்புள்ள ஒரு ஆள், பின்னால் பெரிய பெரிய சட்டிகள். பத்து வருசத்தில் முகம் மாறும்தானே என்று பெற்றிசியா தேடினாள். கண்ணில் தேடினாள், காதில் தேடினாள், சிரிக்காத வாயில் தேடினாள்.

"அம்மா, நான் கொலின்ஸ்."

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"மண்டபத்தில உங்களுக்குப் பின் லைன் வீடு. அம்புறோசின்ர மகன்."

"செங்கல்லு" என்றாள் பெற்றிசியா. அவளையறியாமல் வந்தது.

"ஓம் அம்மா. பாதிச் செங்கல்லு. உங்க கல்லுக்குப் பின்னால எப்பவும் எங்கடதான் இருக்கும்."

அவன் சொன்னான். றொசாந்தனும் அவனும் ஒரே வள்ளத்தில் ஏறினார்கள். சுமத்திராவுக்கு அங்கால் வள்ளம் உடைந்தது. வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கான்களைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர் வந்து தூக்கியபோது நாலு பேர்தான் மிச்சம். "அவன் கையை விட்டதை நான் பாத்தனான் அம்மா. என்னாலை பிடிக்க ஏலாமப் போச்சு." பிறகு அங்கே ஒரு முகாம், இப்போது மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினி. அவர்களுடைய விலாசம் தெரியாமல் எவ்வளவோ காலம் தேடினான். ஒருநாள் மண்டபம் என்று போட்டுத் தேடியபோது குசினிக் கதைகள் வந்தது.

"சொல்லத்தான் வந்தனான். வந்த அண்டைக்கு நீங்க கழுதைக் கதை எழுதியிருந்தீங்க. எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரிச்சனான். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு... நீங்க என்னை அவன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறீங்க எண்டு இப்பத்தான் விளங்கினது. சத்தியமா அம்மா."

பெற்றிசியாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

"உன்னை ஆர் கேட்டது? இன்னும் கொஞ்சக் காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா உனக்கு என்னடா குறைஞ்சுபோகும்? என்ர பிள்ளையைத் திண்ட கடல் உன்னை மட்டும் எப்பிடியடா விட்டது?"

சொல்லக்கூடாத சொல். சொன்ன வாய்க்கே அது தெரியும். கொலின்ஸ் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியேல்லை அம்மா" என்றான்.

பேதுரு அவள் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, நீ சொன்னது நல்லது" என்று சொல்லி நிறுத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய் வாய்விட்டு அழுதார். வருசா வருசம் ஆத்துமப் பூசை கேட்ட மனுசன். பிள்ளை செத்ததை அவரும் அன்றைக்குத்தான் கேட்டார் போல அழுதார்.

பெயரைப் பெற்றிசியாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். திருநாளன்று கோயிலில் பெயர்கள் வாசித்தார்கள். றொசாந்தன் என்று ஒரு பெயர் வந்தது, ஒரு மூச்சில் முடிந்தது, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அவ்வளவு காலம் மல்லுக்கட்டி வைத்திருந்தது அவ்வளவு சுருக்கமாகப் போய்விட்டதே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

வீட்டுக்கு வந்து குசினிக் கதைகளில் மகனின் பெயரைப் போட்டு, கடலில் இறந்தான், செபியுங்கோ என்று எழுதினாள். சனம் திரண்டு வந்து எழுதியது. முகம் கொடுக்காத மீன்காரி எழுதினாள். கனகசிங்கம் எதையும் எழுதவில்லை. மறுநாள் பஸ் பிடித்து ஒரு மெலிந்த கிழவர் வந்து, தன் வயல் அரிசிப் பையொன்றை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "நான்தான் அந்த நல்லம்" என்றார். ஒரு மணித்தியாலம் கதிரையில் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். பெற்றிசியா அவருக்கு முன்னால் நன்றாக அழுதாள். பார்த்தே அறியாத ஒரு மனுசன் அழுகைக்குத் துணையிருக்கப் பஸ் ஏறி வருவான் என்று யார் கண்டது?

மண்டபத்தான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கிழமை பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "தம்பி, நான் ஏசினதை மனசில வைச்சிருக்காத. ஏன் நீ ஒண்டும் எழுதேல்லை?"

"கோவம் இல்லை. உங்கள இனி என்னெண்டு கூப்பிடுறதெண்டு தெரியேல்லை. அதுதான்."

தோளுக்கு மேலால் மதுஷிகாவும் வாசித்தாள். "தாயில்லாத பெடியன் அம்மா. சின்னனிலேயே மனுசி செத்துப்போச்சு. அம்மா எண்டே கூப்பிடச் சொல்லுங்கோவன், பாவம்."

பாவம்தான். நல்ல பெடியன்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கும் சுகம், அவளுக்கும் சுகம், இருந்தும் சொன்னான். அம்மா என்று கூப்பிடு என்று சொன்னால் ஊரே அவளைப் பெரிய மனசுக்காரி என்று கொண்டாடும். அவளுக்கு அந்தப் பெரிய மனசு வரவில்லை. வரவழைத்துப் பார்த்தாள், வரவில்லை.

"அன்ரி எண்டு கூப்பிடு, தம்பி" என்று எழுதினாள். "ஆனா எழுதாம மட்டும் விட்டிடாத."