புரட்டிப் போட்ட மீன்

கல்யாணமாகி நான்கே மாதத்தில் புருஷனின் பிள்ளைகளை, அதுவும் தாயில்லாப் பிள்ளைகளை, தனியாக ஊர் சுற்றக் கூட்டிப்போக ஒரு துணிச்சல் வேண்டும். புவாகத்துக்கு அது கிடையாது. வேறு வழி இல்லாமல்தான் வந்தாள். தங்கள் ஊர் சோங்க்லாவிலிருந்து சுற்றுலாக் கடற்கரையான ஹுவா ஹின்னுக்கு நான்கு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்த மறுநாளே, கானாங்கெளுத்தி மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது என்று புருஷன் பிரசோப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். "நீங்க போயிட்டு வாங்க, பிள்ளைங்க ஆசையா இருக்காங்க" என்று சொல்ல அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

ஐந்து வயதுப் பையன் தோங் ஒரு தொல்லையும் தரவில்லை. ஆம்லெட்டும் சோறும் கொடுத்தால் அவளைச் சித்தி என்பான், கொடுக்காவிட்டாலும் சித்தி என்பான். ஒன்பது வயது மாலிதான் பாறாங்கல். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் வராது. இரண்டு நாளும் கடையில் வாங்கிய பொட்டலச் சோற்றை அறையிலேயே ஆளுக்கொரு மூலையில் தின்றார்கள். கடைசி நாளாவது மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அந்தப் பெண் ஒருமுறையாவது தானாக வாயைத் திறக்க வேண்டும் என்று புவாகம் ஏங்கினாள்.

சாயங்காலம், கடலுக்குள் மரத்தூண்கள் மேல் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள்; லிம் அக்கா என்பவளின் கடை. எலுமிச்சைச் சாறும் பூண்டும் போட்டு அவித்த கொடுவா மீன் முழுசாக வந்தது. தோங் ஆம்லெட்டை மறந்தே போனான். மாலி யாரும் சொல்லாமலே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பார்க்கப் பார்க்கப் புவாகத்துக்கு வயிறு நிறைந்தது. ஒரு பக்கம் தீர்ந்ததும், மறுபக்கத்தையும் எடுத்துக் கொடுக்கும் சந்தோஷத்தில், கரண்டியை அடியில் விட்டு மீனை லாகவமாகப் புரட்டிப் போட்டாள்.

"ஐயோ! அப்பா படகு கவுந்துடுச்சு!" என்று தோங் வீறிட்டான்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலியின் முகம் வெளுத்துவிட்டது.

"மீனைத் திருப்பக் கூடாது. திருப்பினா கடல்ல படகு கவுந்துடும். எங்க வீட்ல யாருமே திருப்ப மாட்டாங்க."

வடக்கே ப்ரே மலைப்பக்கத்தில், ஓடை மீனைத் தணலில் ஆயிரம் தடவை புரட்டி வளர்ந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? சும்மா நம்பிக்கைதானே என்று சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. பிரசோப்புக்குப் போன் போட்டாள். நடுக்கடலில் என்றைக்கு லைன் கிடைத்திருக்கிறது? தெரிந்தும் மறுபடி போட்டாள். அவசரத்தில் போன் நழுவி மீன் சாற்றுக்குள் விழுந்தது.

"என்னடா ராசா, யாரு உன்னைக் கிள்ளினது?" என்று கேட்டுக்கொண்டே வந்த லிம் அக்கா தட்டைப் பார்த்ததும் நின்றாள். "வீட்டுக்காரர் கடல்லயா?"

புவாகம் தலையாட்டினாள்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"ப்ரே."

"அதானே! மலைக்காரி! உனக்கு யாரு சொல்லித் தந்தா, பாவம்."

போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, தட்டோடு கைப்பிடிக் கம்பி வரைக்கும் போனவள், மீனை அப்படியே கடலில் கவிழ்த்தாள். "இந்தா, உன் மீனை நீயே வச்சுக்க. எங்க ஆளை எங்ககிட்ட ஒழுங்கா அனுப்பி வை" என்று கடலுக்கே ஓர் அதட்டல் போட்டாள்.

தோங்கின் அழுகை பாதியில் நின்றது. "அவிச்ச மீன் நீந்துமா?"

"பூண்டு வாசத்தோட போகுதுல்ல, மத்த மீனெல்லாம் ஏங்கிச் சாகும். இன்னொண்ணு அவிக்கிறேன். நீ அழுதுகிட்டே இருந்தா அதுல உப்பு கூடிடும், பாத்துக்க."

புவாகம் எழுந்து நின்று கைகூப்பினாள். உட்கார்ந்தபோது மாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் பயந்துட்டீங்களா?"

"ரொம்ப."

மாலி கரண்டியால் சோற்றைக் கிளறினாள். "அப்பா போனா நான் தூங்கவே மாட்டேன். தோங்குக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது."

நான்கு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தையும் இந்தப் பக்கம் நானும் ஒரே மனுஷனுக்காக விழித்துக் கிடந்திருக்கிறோம் என்று புவாகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. செய்த தப்புக்காக ஒருத்தி சந்தோஷப்படலாமா? அவள் பட்டாள். தனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொண்டாள்.

புது மீன் வந்தது. மேல்பக்கம் தீர்ந்தது. பிறகு மாலி நடுமுள்ளை வால் பக்கமிருந்து பிடித்துத் தலையோடு தூக்கி ஓரமாக வைத்தாள்; திருப்பாமலே அடிப்பக்கச் சதை வெளியே வந்தது. "இவ்வளவுதான். அடுத்த தடவை நீங்க எடுங்க."

"சரி."

"அப்புறம்..." மாலி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இனிமே அப்பா கடலுக்குப் போனா, உங்க பக்கத்துல வந்து படுத்துக்கட்டுமா?"

புவாகம் தலையைத் தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் எங்க படுக்கிறது?" என்றான் தோங், வாய் நிறையச் சோற்றோடு.

"நடுவுல," என்றாள் மாலி.