ஒருநாள் விட்டு ஒருநாள்

"மாத்திரைய தினமும் சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார்.

"ஆங், சாப்புடறேங்க" என்றாள் தேவகி. பக்கத்தில் நின்ற துளசிங்கமும் தலையாட்டினார். பொண்டாட்டி பொய் சொல்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

ரத்தப் புற்றுநோய் அந்த மாத்திரைக்குப் பழகிப்போய்விட்டது, இனி அது கேட்காது என்றார் டாக்டரம்மா. வேறு மாத்திரை ஒன்று இருக்கிறதாம். ஆனால் இப்போது இலவசமாகக் கிடைக்கிற மாதிரி அது கிடைக்காது, வெளியில்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும் துளசிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். வீட்டில் இருக்கிற ரெண்டு பவர்லூமையும் விற்றாலும் சில மாதம்தான் தாங்கும்.

"நானும் மேல எழுதிக் கேக்கறேன். கிடைக்கிற வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார்.

திரும்பி வரும்போது ரயில் அரக்கோணம் தாண்டியதும் தேவகி வாயைத் திறந்தாள்.

"ஏங்க, திட்டாதீங்க. நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போட்டுகினு இருந்தேன்."

"மீதி?"

"மோகனப்ரியாவுக்குக் குட்த்தேன்."

மோகனப்ரியாவை அவருக்கும் தெரியும். நகரிப் பக்கத்துப் பெண். திருத்தணியில் ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். தேவகியை அக்கா என்பாள், அவரை அத்தான் முறை வைத்துத் தெலுங்கில் பாவா என்பாள். தேவகிக்கு வந்த அதே நோய், அதே மாத்திரை. கல்யாணத்துக்கு அப்புறம் ஆந்திரா ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், இங்கே இன்னும் சேர்க்கவில்லை. கார்டு இல்லாததால் காப்பீடு இல்லை, இலவச மாத்திரையும் இல்லை. காசு கொடுத்து வாங்கிப் பார்த்து, முடியாமல் நிறுத்திவிட்டு, ஒருநாள் திருத்தணி ஸ்டேஷனில் தேவகி பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"அதுக்கு? உன் உயிர்ல பாதிய அறுத்துக் குடுத்துருவியா?"

"பக்கத்து வூட்ல தறிக்குத் தார் தீந்துபோனா நம்மளுத எடுத்துக் குடுக்கறதில்லையா? அது மாதிரிதான். கார்டு வந்ததும் திருப்பித் தரேன்னு சொன்னா. நானும் நல்லாத்தான இருந்தேன், ஒரு நோவும் தெரியல..."

பொதட்டூர்பேட்டையில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் நூல் சுற்றிய தார் இருக்கும்போது அடுத்த வீட்டுத் தறி நின்றதே இல்லை. அவரே எத்தனையோ தடவை கூடையோடு தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் கோபம் அடங்கவில்லை. பொழைக்கணும்னு அடுத்தவள் மருந்தை வாங்கித் தின்பாளா ஒருத்தி? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார். திருத்தணியில் இறங்கி, தேவகியைப் பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் உட்கார வைத்தார். "நீ போ. நான் அடுத்த வண்டில வரேன்."

தேவகிக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாக அவர் சட்டையைப் பிடித்தாள். "அவகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டா."

கையை எடுத்துவிட்டுக் கிளம்பினார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு, அடிவாரத்துச் சந்துக்குள் நுழைந்தார்.

"அய்ய, பாவா! வாங்க வாங்க. அக்கா வரலியா? உங்க வூட்டுக்கு நானே வர்லாம்னு இருந்தேன்." மோகனப்ரியா உள்ளே ஓடி மாத்திரை அட்டைகளை எடுத்துவந்தாள். "கார்டு வந்துச்சி பாவா! ஆஸ்பத்திரில மாத்திரையும் குட்த்துட்டாங்க. இதுல பாதிய அக்காவுக்கு எடுத்துனு போங்க. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்டுகினு, வாங்கினதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா அடைச்சிடறேன்."

"அவ உனக்கு இன்னான்னு சொல்லிக் குட்த்தா?"

"டாக்டரம்மா அளவக் கொறைச்சிட்டாங்க, மீதி சும்மா வீணாப் போவுதுன்னு சொல்லிச்சி. இருந்தாலும் வாங்கினது கடன்தான? ஏன் பாவா?"

அவள் முகத்தைப் பார்த்தார். அட்டைகளை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இத்த நீ அடைக்க வேணாம்மா. தெனம் சாப்டணும். ஒருநாள்கூட வுடக்கூடாது. வுட்டா அப்பறம் மருந்து கேக்காது. நாளைக்கே போயி, இத்தினி நாளு வுட்டு வுட்டு சாப்ட்டேன்னு டாக்டராண்ட சொல்லிடு. சொல்லுவியா?"

"சொல்றேன். அப்ப அக்காவுக்கு?"

"அவளுக்கு வேற மாத்திரை மாத்திட்டாங்க."

"நல்ல மாத்திரையா பாவா?"

"ஆங்... ரொம்ப நல்ல மாத்திரை."

"அப்பாடா. மாத்தினத ஒரு வார்த்த சொல்லலியே, பாருங்க உங்க பொண்டாட்டிக்கு எவ்ளோ ராங்கி!" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்துவைத்தார். "இன்னிக்குப் போட்டியா?"

"நேத்துதான் போட்டேன். இன்னிக்கி மொறை இல்லியே."

"சோறு போட்டுத் தின்னுட்டு இப்பவே போடு."

"பாவா, இன்னும் கொழம்பு வைக்கல..."

"மோரு ஊத்தித் தின்னு. நான் நிக்கறேன்."

அவள் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்கிற வரைக்கும் துளசிங்கம் வாசலிலேயே நின்றார். அவள் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை உற்றுப் பார்த்தார். தேவகி மாத்திரை போடும்போது அவர் ஒருநாளும் இப்படி நின்று பார்த்ததில்லை. பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருக்கும், அவர் அங்கே நிற்பார்.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன் பாவா."

"வாயத் தொற, பாக்கறேன்" என்றார்.