மாமியார் வீடு என்றொரு நெட்வொர்க்

பேர் என்னவென்று கேட்டது கம்ப்யூட்டர்தான். கேட்டால்தான் என்ன, அதற்காக இப்படியா ஒரு மனுஷன் பேர் வைப்பான்?

வேலை பார்த்த செல்போன் கடையை மூன்று மாதத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியோடு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான் அவன். மாமியார் தனி ஆள். முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆய்வேடு முதல் கடைப் பலகை வாசகம் வரை டைப் அடித்து, பிழை திருத்தி, நெட்டில் அச்சகத்துக்கு அனுப்புகிறவர். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் சர்வர் வேலை படிக்கப் போகிறார் என்றதும் காகிதக் கட்டுகள் கிடந்த பக்கத்து அறையைக் காலி செய்து மேஜை போட்டுக் கொடுத்தார். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். வாசல் சாவி இரண்டு. ஒன்று மாமியாரிடம், ஒன்று மனைவியிடம். இவன் தெருமுனைக்குப் போய் வந்தாலும் பெல் அடித்துவிட்டு நிற்க வேண்டும். மாமியார் டைப் அடிப்பதை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து திறப்பார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலாவது பதிலுக்கு இவனும் முறைத்திருக்கலாம்!

அப்படிப் பெல் அடித்துவிட்டு உள்ளே வந்த ஒரு மத்தியானம்தான் அந்தப் பாடம். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவித்து, அதை ஒரு டொமைன் சர்வராக மாற்ற வேண்டும். அதாவது, மற்ற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அது நாட்டாமை. டொமைனுக்கு என்ன பேர் என்று கேட்டது. இவன் கடுப்பில் ஆங்கில எழுத்தில் 'மாமியார்வீடு' என்று தட்டினான். தட்டிவிட்டுச் சிநேகிதனுக்குப் போன் போட்டான்.

"டேய், எங்க இருக்கேன்னு கேளேன். மாமியார் வீட்ல கம்பி எண்ணிட்டிருக்கேன்! ரெண்டு அர்த்தத்துலயும்தான்."

சிரிப்பான சிரிப்பு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாடத்தில், அந்த சர்வரை லேப்டாப்புக்குள்ளேயே அடைத்து வை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இவர்தான் பெரிய கெட்டிக்காரராயிற்றே! வீட்டு நெட்வொர்க்கோடு நேராக இணைத்துவிட்டான். வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் நெட்டுக்குப் போக வேண்டுமானாலும் அதற்கு நம்பர் கொடுத்து வழி காட்டுவது ரௌட்டரின் வேலை. இப்போது அதே வேலையை இவன் சர்வரும் முந்திக்கொண்டு செய்ய ஆரம்பித்தது. மாமியாரின் கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு ரௌட்டரை மறந்தே போனது.

அதனால் என்ன ஆயிற்று? இவன் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போனால் மாமியாருக்கு நெட் படுத்துவிடும். இவன் வந்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால் எழுந்துவிடும்.

"மாப்பிள்ளை, உங்க கை ராசியே ராசி! நீங்க வந்து உக்காந்தாலே நெட் வந்துடுது."

முதல் மூன்று நாள் இவனும் உண்மையென்று நம்பி ஏதோ இரண்டு ஒயரை ஆட்டிவிட்டு, பெரிய ஆளாக உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் பாடத்தைத் திரும்பப் பார்த்தபோது விஷயம் புரிந்து காதெல்லாம் சுட்டது. அதற்குள் மாமியார் இரண்டு புகார் கொடுத்து, நெட் கம்பெனிக்காரர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். "லைன்தான் சரியில்ல அத்தை, இவங்க வேலை செய்யற லட்சணம் அப்படி" என்று சொன்னது யார்? இவன்தான். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? சத்தம் போடாமல் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று மறுநாளுக்குத் தள்ளிப்போட்டான்.

மறுநாள் காலையில் இவன் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே நெட்காரர் வந்துவிட்டார்.

"அம்மா, மூணாவது புகார் இது. இதையும் என் தப்புன்னு எழுதுனாங்கன்னா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. இன்னிக்கு என்னன்னு பார்க்காம நான் போறதா இல்ல."

மாமியாரின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"லைன்ல ஒரு குத்தமும் இல்லம்மா. உங்க வீட்டுக்குள்ளயே யாரோ இன்னொரு சர்வரை ஓட்டறாங்க. கடைசியா உங்க கம்ப்யூட்டருக்கு நம்பர் குடுத்தது அதுதான். பேரைப் பாருங்க, மாமியார் வீடாம்! ஜெயிலைத்தானே அப்படிச் சொல்லுவாங்க? எந்தப் புண்ணியவான்மா அது?"

இவன் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. திறக்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"ஜெயிலா? இதென்ன கூத்து!" என்றார் மாமியார். "இது என் வீடு தம்பி. எங்க மாப்பிள்ளைக்கு மாமியார் வீடு. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். உங்க மேல தப்பில்லன்னு நானே எழுதித் தர்றேன், சீட்டைக் குடுங்க."

தவறு எங்களுடையது என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். நெட்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இவனுக்கு மானம் போய்விட்டது.

"அத்தை, அந்தப் பேரு... நான் என்ன அர்த்தத்துல..."

"இருபத்தெட்டு வருஷமா டைப் அடிக்கிறேன் மாப்பிள்ளை. ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்னு தெரியாதா? மொத நாளே உங்க ஸ்கிரீன்ல பார்த்துட்டேன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க போன்ல கம்பி எண்ணுனதும் கேட்டுச்சு. பலகைதானே."

மொத நாளே! அதற்கு அப்புறமும்தானே கை ராசி என்று வாய் நிறையச் சொன்னார். இவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல நின்றான்.

மாமியார் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். புதுச் சாவி. வெட்டிய இடம் இன்னும் பளபளத்தது.

"பெல் அடிச்சுட்டு நிக்கிறது ஒரு மாதிரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் லேட்டாத் தோணுச்சு. நேத்தே வாங்கிட்டு வந்துட்டேன், குடுக்க மறந்துட்டேன்."

அவன் சர்வரைப் பிரித்துப்போட்டான். மாமியார் தன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பழையபடி ரௌட்டர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அச்சகத்துக்குப் போக வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். சட்டைப் பையில் சாவி இருந்தது. எடுத்தான், பார்த்தான், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் இதை எப்படிப் போட்டுத் திறப்பது என்று திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டு பெல்லை அடித்தான்.