இல்லாத சான்றிதழ்

சாயப்பட்டறையில் எல்லோரும் அவனை ஆவி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக நீராவி பாய்லரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பது? பட்டப்பகலில் நடமாடும் ஒரே ஆவி என்று ஸ்டோர்கீப்பர் கிண்டலடிப்பார். உதவியாளர் வேலைதான். ஆனால் பாய்லரின் சத்தம் லேசாக மாறினாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான்.

பாய்லர் ஆபரேட்டர் ஓய்வுபெறுவது உறுதியானதும் மேலாளர் அவனை அழைத்தார். இடம் உங்களுக்குத்தான், வெள்ளிக்கிழமைக்குள் ஆபரேட்டர் சான்றிதழைக் காட்டிவிடுங்கள் என்றார். அப்படி ஒரு சான்றிதழே அவனிடம் இல்லை.

பதினாறு வயதில் விளையாட்டாகத் தொடங்கிய குடி, பத்தொன்பதில் கண் விழித்ததும் பாட்டிலைத் தேட வைத்தது. தொழிற்பயிற்சியின் கடைசிச் செய்முறைத் தேர்வுக்கும் குடித்துவிட்டுத்தான் போனான். தேர்வாளர் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டுக் கதவைக் காட்டினார். மறுதேர்வுக்குத் தேதி கொடுத்தார்கள். அன்று எங்கே விழுந்து கிடந்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. பிறகு கிடைத்த எந்த வேலையும் மூன்று மாதம் தாண்டவில்லை. இருபத்தேழில் ஒருவழியாகக் குடியை விட்டான். அப்போதுதான் இந்தப் பட்டறைக்கு மனுப் போட்டான். படிப்பு என்ற இடத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதினான். உதவியாளர்தானே என்று யாரும் தோண்டித் துருவவில்லை. கட்டிக்கொண்டவளிடமும் அதையேதான் சொன்னான்.

இப்போது ஸ்டோர்கீப்பரிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னான். அவர் யாரையோ பிடித்து, புதன்கிழமையே ஒரு சான்றிதழை உறையில் போட்டுக் கொடுத்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் அச்சு அசல்.

“நீதான் ஓட்டுற, நீதான் பாத்துக்கிற. இது வெறும் காகிதம்டா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அறையில், உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் போனில் யாரையோ கடிந்துகொண்டிருந்தார். அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துணி அலமாரிக்குள் பாட்டிலை ஒளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அம்மாவின் முன்னால் வந்து நின்ற நாட்களில் இப்படித்தான் இருக்கும். அதே வறட்சி. முகத்தில் அதே சாதாரணம்.

மேலாளர் போனை வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“குடுங்க. ஃபைல்ல வச்சிட்டா வேலை முடிஞ்சது.”

“சார், இது போலி. நான் பாஸ் பண்ணல.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அவன் தேர்வாளரில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

“இப்ப குடிக்கிறீங்களா?”

“இல்ல சார். பன்னெண்டு வருஷமாச்சு.”

“இதையும் நான் நம்பணும், இல்ல?”

போலியை யார் செய்து கொடுத்தது என்று கேட்டதற்கு, ஸ்டோர்கீப்பரை அவன் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே காத்திருக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் பெஞ்சில் இருந்தான். மேலாளர் முதலாளியோடு பேசுவது கேட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலை தப்பியது, பதவி கிடையாது. முறைப்படி தேறிவிட்டு வந்தால் பார்க்கலாம், ஆனால் எப்போது இடம் காலியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் மேலாளர்.

வீட்டில், பதவி உயர்வு என்று அவன் மனைவி அதற்குள் தன் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள்.

“குடிச்சது எனக்கு முன்னாடி. பொய் என்கிட்டதானே சொன்னீங்க?”

மூன்றாம் நாள், பரீட்சை எப்போது என்று கேட்டாள். நாலு மாதம் இருக்கிறது என்றான்.

“நானும் வர்றேன். நீங்க முடிச்சிட்டு வர்ற வரைக்கும் வாசல்லயே இருப்பேன்” என்றாள். அதில் கனிவு எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

புதிய ஆபரேட்டராக இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மேடம் என்றான். கூச்சப்பட்டு, அவனை அண்ணா என்றாள். எந்த வால்வு மக்கர் பண்ணும் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

நாற்பதாவது வயதில் அவன் தேறினான். ஆபரேட்டர் இடம் இன்னும் காலியாகவில்லை. அந்தப் பெண் விடுப்பெடுக்கும் நாட்களில் மட்டும் பாய்லர் பதிவேட்டில் அவன் ஆபரேட்டராகக் கையெழுத்துப் போடுகிறான்.