பதியாத ரசீது

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆறு பேர் குனிந்துவிட்டார்கள். பள்ளிவாசல் அசரத்து கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. ஷமீர் வாசற்படியில் ஏறி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்தான்.

"எங்க அத்தா முத்து முகம்மது யாருக்காச்சும் கடன் தர வேண்டியிருந்தா சொல்லிருங்க. நான் பொறுப்பேத்துக்கிறேன். பேச்சுல, நடத்தையில தப்பு இருந்தா மன்னிச்சிருங்க."

எல்லா மையித்து வீட்டிலும் கேட்கிற கேள்விதான். யாராவது ஒரு பெரியவர் 'ஒண்ணுமில்ல, தூக்குங்கப்பா' என்பார், சந்தூக்கு நகரும். கதவுக்குப் பின்னால் பெண்களோடு நின்றிருந்த சுலைகா, தம்பி குரல் உடையாமல் கேட்டு முடித்ததே பெரிது என்று நினைத்தாள்.

"எனக்குப் பாக்கி இருக்கு" என்றது ஒரு குரல்.

பொன்னுச்சாமி மாமா. அத்தாவின் நாற்பது வருடக் கூட்டாளி. ஆடலூரிலிருந்து மகன் கதிர்வேலோடு வெள்ளனே ஜீப்பில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இப்போது எழுந்து நின்றார். "இந்த வீட்டு மேல குடுத்தது. இன்னும் தரல."

கதிர்வேல் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்கப்பா. அதுதான் எப்பவோ தீந்துபோச்சே."

"எவன் சொன்னான்?"

ஷமீருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. மையித்தை வைத்துக்கொண்டு யாரும் வழக்குப் பேசுவதில்லை. "சரிங்க மாமா. நான் குடுத்துர்றேன்" என்றான்.

சுலைகாவுக்குப் பொறுக்கவில்லை. ஜமாஅத்து முழுக்க நிற்கிறது, அத்தா கடன்காரராகப் போகிறார். கதவை விலக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "அத்தா அதக் கட்டிட்டாங்க. பத்திரம் எங்கிட்டத்தான் இருக்கு."

ஆண்களின் தலைகள் திரும்பின. யாரோ பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தார்கள்.

"பொறவு பேசிக்கலாம்மா" என்றார் அசரத்து. "மையித்தக் காக்க வைக்கக்கூடாது."

தூக்கிவிட்டார்கள். கலிமா சொல்லும் குரல்கள் மேட்டுப் பாதையில் ஏறி மூடுபனிக்குள் போயின. கடனோடு போகிறவரின் ரூஹு மேலே போக முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்று சிறுவயதில் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கடனை அடைத்துவிட்டுப் போகிறவரை இப்படி நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடைசித் தவணை வாங்கிய அன்றே மாமா பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அடமானம் ரிஜிஸ்டர் ஆனது. பணம் தீர்ந்தது என்று மாமா ரசீது எழுதி, அதையும் ரிஜிஸ்டர் செய்தால்தான் வீடு விடுபடும். இரண்டு பேருக்கும் இது தெரியும். "பத்திரத்தையே தூக்கிக் குடுத்தவன்ட்ட போயி கையெழுத்துக் கேட்டா, ஒன்னய நம்பலடான்னு சொல்ற மாதிரில்ல இருக்கும்" என்று அத்தா கேட்காமலே இருந்தார். கேட்டால் போகலாம் என்று மாமா இருந்தார். இரண்டு பேர் மரியாதையும் சேர்ந்து வீட்டை அந்தரத்தில் விட்டுவிட்டது.

போன வருடம் அத்தா வீட்டை சுலைகா பேருக்கு எழுதப் போனபோது, வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நின்றது. புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கு இந்த நாலு சுவரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவசர அவசரமாக மாமாவை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். சார்பதிவாளர் பேரைக் கேட்டார். மாமா அத்தா பக்கம் திரும்பி, "முத்து, எம் பேரு என்ன?" என்றார்.

பத்திரம் எழுதும் ராமர் வெளியே கூட்டி வந்து சொன்னார்: "நெனவில்லாதவர்ட்ட வாங்க முடியாதுங்க. கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்காகும். இல்லாட்டி, அவரு காலத்துக்குப் பொறவு வாரிசுங்க வந்து எழுதித் தரலாம்."

"எங்கூட்டாளி எப்பச் சாவான்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று அத்தா நடுரோட்டில் அவரைப் பிடித்து ஏசினார். ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு தினமும் அதே கேள்விதான். இருமுவார், பிறகு கேட்பார்: "சுலைகா, பதிஞ்சாச்சா?" நேற்றுக் காலையில் அவள், "பதிஞ்சாச்சுத்தா" என்று பொய் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

மேடு ஏற முடியாது என்று மாமாவைக் கதிர்வேல் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான்.

"முத்து எங்க? வெரசா வரச் சொல்லு, குளுருது" என்றார் அவர்.

அந்த நிமிஷம் சுலைகா அவரை மனதார வெறுத்தாள். பிறகு செருப்புக்குள் அவர் கால்கள் நடுங்குவதைப் பார்த்து, உள்ளே போய் டீ போட்டாள். அடுப்படியில் நிற்கும்போது ஒரு இருமல் கேட்டது. கூடவே, "பதிஞ்சாச்சா?"

கூடத்தில் மாமா சுவரைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். அத்தாவின் அறையில் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுலைகாவுக்குப் பயமாக இல்லை, வெட்கமாக இருந்தது. பொய் சொன்னது தெரிந்துவிட்டது போலிருந்தது.

ஆண்கள் திரும்பியதும் கதிர்வேல் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"மன்னிச்சிருங்கக்கா. ஷமீர்ட்டயும் அசரத்துட்டயும் சொல்லிட்டேன், ஒரு பைசா பாக்கியில்லனு." குரலைத் தாழ்த்தினான். "டாக்டர் அப்பாவுக்கு இன்னும் ஆறு மாசம்னு சொல்லிருக்காரு. பொறவு நானும் தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போட்டுத் தந்துர்றோம்."

"அப்படியெல்லாம் பேசாதப்பா. மாமா நல்லா இருக்கட்டும்."

சொல்லும்போதே மனசு மாதங்களை எண்ணி முடித்திருந்தது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பொழுது சாயும்முன் கிளம்பினார்கள். மாமாவைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றி, காதை மூடி மப்ளர் கட்டிவிட்டாள். "நாளைக்கு வாரேன்னு முத்துட்ட சொல்லிரு" என்றார்.

"சொல்றேன் மாமா."

பத்தடியில் ஜீப் பனிக்குள் மறைந்துவிட்டது. சத்தம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் கதிர்வேல் ஹாரன் அடித்தான். இரண்டாவதிலும் அடித்தான். மூன்றாவது வளைவு குறுகல், பள்ளத்தாக்கின் ஓரம். அங்கே ஹாரன் கேட்கவில்லை.

சுலைகா வாசலில் நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து ஷமீர், "என்னக்கா?" என்றான். அவள் கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

வெகு நேரம் கழித்து, கீழே எங்கேயோ, மெலிதாக ஹாரன் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அவள் கதவைச் சாத்தினாள்.