சேர்க்காமல் விட்ட சிக்மா

காலையில் அவன் தட்டைத் தள்ளி வைத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க, பிடிக்கலையா?"

"பசிக்கல." கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அணுக்கருக்களை மோதவிட்டு, தெறிக்கும் துகள்களை எண்ணுவது அவன் குழுவின் வேலை. அந்த மோதலில் லாம்டா என்ற விந்தைத் துகள் எத்தனை பிறக்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. அவள் எண்ணைக் கொடுத்த பிறகுதான் அவர்கள் தங்கள் முடிவை வெளியே காட்டுவார்கள். அதுவரை வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்பது இருவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

நேற்று மாலை அவன் குழு முடிவைத் தங்களுக்குள் திறந்து பார்த்திருந்தது. இன்று மதியத்துக்குள் அவள் எண் போய்ச் சேர வேண்டும். அது பொய்த்தால் அவள் வேலை இந்த வருடத்தோடு சரி. போன மாதம் கூட்டத்தில் அவள் காட்டிய தோராயக் கணக்கு அவனுக்குத் தெரியும். அது குப்புற விழுந்திருக்கிறது, அதுதான் இந்த மூஞ்சி என்று பட்டது.  ஒப்பந்தத்தை நினைத்து, கேட்காமலே கிளம்பினாள்.

அறைக்குப் போனதும் கணக்கை முதலிலிருந்து அலசினாள். பாதி வழியில் கை நின்றது.

சிக்மா. பிறந்த கையோடு லாம்டாவாக மாறிவிடும் துகள். அப்படி வந்த லாம்டாவையும் நேராகப் பிறந்த லாம்டாவையும் கருவியால் பிரித்தறிய முடியாது, சேர்த்தேதான் எண்ணும். அவளோ நேராகப் பிறந்தவற்றை மட்டும் எண்ணியிருந்தாள்.

சேர்த்தால் எண் எகிறும். கடைசி நேரத்தில் மாற்றினால், புருஷன் காதில் ஓதிவிட்டான் என்பார்கள். அவன் வேலைக்கே உலை.

தன் குழுத்தலைவரைத் தேடிப் போனாள். வளையாமல் நடப்பதால் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர்.

"சார், எண்ணை மாத்தணும். சிக்மாவை விட்டுட்டேன்."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா? வீட்டுப் பக்கமிருந்து ஏதாச்சும் காத்து அடிச்சுதா?"

"அவர் வாயே திறக்கல சார். ஆனா முகம் சரியில்ல. அதைப் பாத்துப் பயந்துதான் திரும்பப் போட்டுப் பாத்தேன். அதையும் எழுதியே குடுத்துடறேன்."

"எழுதினா அவரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா."

"விசாரிக்கட்டும். தப்புன்னு தெரிஞ்ச எண்ணுக்குக் கீழ நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

அவர் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "புருஷன் முகத்தைப் பாத்துத் துகள் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீதாம்மா. எழுது."

மதியம் கூட்ட அறையில், கணவனுடைய குழுத்தலைவி அவள் குறிப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். 

"நேத்து நாங்க திறந்தப்போ உங்க வீட்டுக்காரர் இங்க இல்லையே. பல்லு வலின்னு சீக்கிரமே போயிட்டார். இன்னும் அவருக்கு யாரும் காட்டல."

அவள் திரும்பினாள். பின்வரிசையில் கணவன் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பல்லா?" பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டரைப் பாரு, பாருன்னு நீ தலப்பாடா அடிச்சுக்கிட்டே. இப்ப சொன்னா வாங்கிக் கட்டிக்கணுமேன்னு..."

திரையில் அவன் குழு எண்ணியவை புள்ளிகளாக விழுந்தன. அவள் கணக்கை வைத்துப் போட்ட கோடு அவற்றை ஒட்டியே ஓடியது. கடைசிப் புள்ளிக்கு மட்டும் கொஞ்சம் கீழே. பழைய எண் எங்கோ அதலபாதாளத்தில் கிடந்திருக்கும். முன்வரிசையிலிருந்து அளவுகோல் திரும்பி, "அடுத்த வருஷக் கணக்கும் உன்னுதுதாம்மா" என்றார்.

அவள் மேசைக்கடியில் கணவனின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"பல்லு வலிச்சா சொல்லலாங்க. அது நம்ம ஒப்பந்தத்துல இல்ல."