முக்தா தூங்காத வாரம்

தீபாவளி முடிந்த மறுவாரம் சி.ஏ. இறுதித் தேர்வு. புனேயின் சதாசிவ் பேட்டையில் விடுதிகள் காலியாகிக்கொண்டிருந்தன. தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் ஊருக்குப் போகவில்லை. வசுதா கானேட்கரும் முக்தா ஜக்தாளேயும் ஒரே அறையில் இருந்தார்கள். முக்தா சோலாப்பூர்க்காரி, அண்ணன் ஹேமந்துக்கு அங்கே ஜவுளிக்கடை. இருவரில் முக்தாதான் படிப்பில் கெட்டி. வசுதாவுக்குக் கணக்கியல் புரிய வைத்தவளே அவள்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் முக்தா தூங்குவதை நிறுத்திவிட்டாள். தேர்வு நெருங்கும்போது யார்தான் ஒழுங்காகத் தூங்குகிறார்கள் என்று வசுதாவும் விட்டுவிட்டாள். ஆனால் முக்தாவிடம் சோர்வே தெரியவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போயிற்று. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"தூக்கமெல்லாம் சோம்பேறிங்களுக்குடி. எனக்கு இப்பதான் எல்லாம் புரியுது. வரிச் சட்டத்துல பிரிவு நம்பர் எதையும் சும்மா வைக்கல. எனக்கு மட்டும் புரியற மாதிரி வச்சிருக்காங்க."

வசுதா சிரித்தாள். முக்தா சிரிக்கவில்லை.

மறுநாள் முற்பகல், பேனா விழுந்தாலே எல்லோரும் முறைக்கும் பொதுப் படிப்பறையில், முக்தா நாற்காலிமேல் ஏறி நின்று பாடம் நடத்தத் தொடங்கினாள்.

"மேடம், ஃபீஸ் எவ்வளவு?" என்றான் ஒருவன்.

"ரேங்க் வாங்கறதுக்கு முன்னாடியே கோச்சிங் சென்டர் திறந்துட்டாங்கப்பா!" என்றான் இன்னொருவன். அறையே சிரித்தது.

வசுதா அவளை இறக்கி மாடிப்படிக்கு இழுத்து வந்தாள். அங்கேயே நின்று ஹேமந்துக்குப் போன் போட்டாள். கடையில் பண்டிகைக் கூட்டத்தின் இரைச்சல்.

"பரீட்சை பயம்மா, வேற ஒண்ணுமில்ல. சூடாப் பால் குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லு."

"பயம் இல்லண்ணா. அவ அவளாவே இல்ல. மனநல டாக்டர்கிட்டக் காட்டணும்."

"என்ன பேசற நீ? நாளைக்கு வரன் பாக்கற எடத்துல தெரிஞ்சா? பரீட்சை முடியட்டும், பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்காது. நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்து என்னைத் திட்டிக்குங்க."

முக்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டறியா? நீ ஃபெயில் ஆகப்போற, நான் மட்டும் பாஸ் பண்ணக் கூடாது. அதானே?"

படிகளில் தடதடவென்று இறங்கினாள். வசுதா பின்னால் ஓடினாள். வாசலுக்கு வெளியே பஸ்களும் ஸ்கூட்டர்களும் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. இனி வாதாடினால் அவள் தெருவில் இறங்கிவிடுவாள் என்று வசுதாவுக்குத் தோன்றியது. படிப்பறையிலிருந்து கையோடு வந்துவிட்ட புத்தகத்தைத் திறந்தாள்.

"சரி, என் தப்புதான். இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்துட்டுப் போ. எனக்கு வரவே மாட்டேங்குது."

முக்தா நின்றாள். பேனாவைப் பிடுங்கி, வாசல் சுவரில் புத்தகத்தை அழுத்தி எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய கணக்குதான் அது. பேனா பாதியில் நின்றுபோயிற்று.

"நம்பர் நிக்க மாட்டேங்குது வசு. ஓடுது. கண்ணை மூடினாலும் ஓடுது." குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "எனக்கு என்னடி ஆகுது?"

"தெரியல. தெரிஞ்சவங்ககிட்டப் போகலாம், வா."

வசுதா தூசி படாமல் அவள் முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டி, தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்தாள். "என் இடுப்பை விட்டின்னா நான் ஓட்ட மாட்டேன்" என்றாள். ஒவ்வொரு சிக்னலிலும் முக்தா எதிர்வண்டிகளின் எண்களை உரக்கப் படித்தாள். பிடி தளரும்போதெல்லாம் வசுதா ஒரு கையால் அந்த விரல்களை அழுத்திக்கொண்டாள்.

மனநல மருத்துவர் சுலபா ஆப்தே தன் கிளினிக்கில் நிதானமாக முக்தாவிடம் பேசினார். மருந்து கொடுத்து, உள்ளே கட்டிலில் படுக்கவைத்தார். சாயங்காலம் ஹேமந்த் கசங்கிய சட்டையோடு வந்து சேர்ந்தான். வசுதாவைப் பார்க்கவே இல்லை.

"பரீட்சை எழுதலாம்ல டாக்டர்?"

"உட்கார வைக்கலாம். எந்த நிலைமையில எழுந்து வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இப்ப அவங்களுக்கு வேண்டியது தூக்கம், மருந்து, பக்கத்துல ஒரு ஆள்."

ஹேமந்த் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். தங்கை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்குப் போன் செய்து, தான் வரப்போவதில்லை என்று சொன்னான்.

முக்தா அந்தத் தடவை தேர்வு எழுதவில்லை. வசுதா எழுதினாள். தேர்வின் இரண்டு பகுதிகளில் ஒன்று தேறியது, இன்னொன்று போயிற்று. பல மாதங்கள் முக்தா அவள் போனை எடுக்கவில்லை. ஹேமந்த்தான் எப்போதாவது பேசுவான்: "சாப்பிடறா, தூங்கறா. உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறா."

கோடையில் ஒருநாள் முக்தாவே கூப்பிட்டாள்.

"இந்தத் தடவை ஒரு பகுதி மட்டும் எழுதறேன். அண்ணன் ராத்திரியானா புத்தகத்தைப் பிடுங்கிப் பீரோவுல பூட்டிடறான், கடங்காரன்."

வசுதா கேட்டாள்: "என்மேல கோபம் போச்சா?"

"பாதி போயிருக்கு" என்றாள் முக்தா. "நீ எப்படி இருக்க? ஒழுங்காத் தூங்கறியா?"